குறி பார்த்து வைக்கும் கதிர் வைத்தியம்

"கரண்டு வைக்கணும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு."

இந்தப் பேச்சு ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதிப்பதுகூட அரைகுறைதான். அக்கம்பக்கத்தார் வந்து உட்காருவார்கள். "கரண்டு வச்சா உடம்பு உள்ளுக்குள்ள கருகிப் போயிடும்" என்பார் ஒருவர். "பேரப்பிள்ளையத் தொடக்கூடாது, தனியாத்தான் படுக்கணும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கைத்தொலைபேசியில் வந்த விளம்பரத்தை நீட்டுவார். "அதெல்லாம் பழைய காலத்து மெசினு. இப்ப கத்தியே இல்லாம ரெண்டு மூணு நாள்ல கரைச்சிடுறாங்களாம். நகைய வித்தாவது அங்க கொண்டுபோங்க."

முதல் இரண்டு பேச்சும் தவறு. மூன்றாவது பாதி உண்மை. நம் குடும்பங்களுக்கு அதிகச் செலவு வைப்பது இந்தப் பாதி உண்மைதான் என்பதால், இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இது நம்மவர்களுக்கு நெருக்கமான விஷயம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையேதான் அதிகம். அதிலும் நம் பெண்களிடையே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று மடித்துக் கன்னத்தில் அடக்கி, நாள் முழுவதும் வேலை பார்த்த தலைமுறை அது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985லேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2004ல் அதே நிறுவனம் அறிவித்தது. "நான் போயிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கரண்டா, கதிரா?

முதலில் பெயரைச் சரிசெய்து கொள்வோம். இந்த வைத்தியத்தில் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. நெஞ்சுக்கு எடுக்கிறார்களே எக்ஸ்ரே, அந்தச் சாதிக் கதிர்தான் இதுவும். ஜெர்மன் விஞ்ஞானி ரோன்ட்கென் 1895ல் கண்டுபிடித்தது. படம் எடுக்க வரும் கதிரைவிடப் பன்மடங்கு வலுவானது என்பதுதான் வித்தியாசம். இதை உண்டாக்கும் இயந்திரத்துக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக லினாக் என்பார்கள். அது எலெக்ட்ரான்களை மிக வேகமாக ஓடவிட்டு ஓர் உலோகத் தகட்டில் மோதவிடுகிறது. அந்த மோதலில் கதிர் பிறக்கிறது. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும், அறையில் விளக்கை அணைத்த மாதிரி.

ஆகவே மேசையை விட்டு எழுந்து வரும் நோயாளியின் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருப்பதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். ஒரு தட்டில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. தைராய்டு புற்றுநோய்க்குக் குடிக்கக் கொடுக்கும் அயோடின் மருந்து மட்டும் வேறு வகை. அது உடம்புக்குள் சில நாள் இருக்கும். அப்போது பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்கச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லாக் கதிர் வைத்தியத்துக்கும் பொருத்திவிடுகிறார்கள் நம் ஆட்கள்.

சரி, கதிர் என்ன செய்கிறது? நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மரபுச் சரடு ஒன்று இருக்கிறது. கதிர் அந்தச் சரட்டை அறுக்கிறது. நல்ல அணுவும் அடிபடத்தான் செய்கிறது. ஆனால் நல்ல அணு சில மணி நேரத்தில் சரட்டை ஒட்டுப்போட்டுக் கொள்ளும். புற்று அணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அறுந்த சரட்டோடு பெருகப் பார்க்கும்போது செத்துப்போகும். இதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கதிரை அளக்கும் அலகுக்கு கிரே என்று பெயர். வாய்ப்புற்றுநோய்க்கு முதலில் பெரும்பாலும் அறுவைதான். அதற்குப் பிறகு கதிர் தேவைப்பட்டால் நாளுக்கு 2 கிரே வீதம் 30 அல்லது 33 தடவை வைப்பார்கள். ஆக ஆறு, ஆறரை வாரம். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

புற்று அணு உடனே செத்து விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "பத்து நாளு வச்சாச்சு, கட்டி அப்படியேதான் இருக்கு, இனிமே எதுக்குப் போகணும்" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். கடைசி நாள் கழிந்து பல வாரம் வரை நடக்கும்.

கூராகக் குறி வைப்பது எப்படி?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடம் புடைத்து முடிச்சுப் போட்டு, பட்டை மறுபடி வளர்ந்தாலும் வெட்டுக்கு உதவாது. நல்ல வெட்டு என்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கனத்துக்குள் நிற்பது. மண்டோர் காயம் எண்ணியதெல்லாம் அதற்குத்தான். கதிர் டாக்டருக்கும் இதே பாடுதான். கூடுதல் தொல்லை என்னவென்றால், அவர் வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் உடம்பின் நடுவே இருக்கிறது. வாய், தொண்டைப் பக்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். புற்றுக்கு அரை விரல் தூரத்தில் எச்சில் சுரப்பி இருக்கிறது, தாடை எலும்பு இருக்கிறது, கொஞ்சம் பின்னால் தண்டுவடம் இருக்கிறது. எச்சில் சுரப்பி கருகினால் வாய் ஆயுளுக்கும் காய்ந்து கிடக்கும். தண்டுவடம் அளவுக்கு மேல் கதிர் வாங்கினால் கைகால் விழுந்துவிடும்.

1951ல் கனடா நாட்டில் கோபால்ட் இயந்திரங்களைக் கொண்டு வைத்தியம் தொடங்கினார்கள். பல நாடுகளில் பல பத்தாண்டுகள் அதுதான் கதி. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அதை மட்டமாகப் பேசக்கூடாது. ஆனால் அந்த நாள் முறையில் கதிர் அகலமான சதுரமாக, இரண்டு மூன்று பக்கத்திலிருந்து விழும். தோளில் பம்பு மாட்டி மருந்து அடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லும் சாகும், காற்றடித்தால் பக்கத்துச் செம்பனங்கன்றும் வாடும். லாலாங் புல்லை ஒழிக்க இன்னொரு வழியும் நமக்குத் தெரியும். துணியை மருந்தில் நனைத்து, புல்லின் இலையை மட்டும் தடவிவிட்டுப் போவது. கன்றுக்கு ஒன்றும் ஆகாது. இன்றைய கூர்மையான கதிர் முறைகள் எல்லாம் பம்பிலிருந்து துணிக்கு மாறிய கதைதான்.

அதற்கு வித்திட்டவர் சுவீடன் நாட்டு மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்ஸெல். மண்டையைத் திறக்காமல் கதிரையே கத்தியாகப் பயன்படுத்தலாம் என்று 1951ல் எழுதினார். 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் அவருடைய காமா நைஃப் இயந்திரம் வேலைக்கு வந்தது. அதில் 179 கோபால்ட் துண்டுகள். பின்னால் வந்த மாடல்களில் 201. விடியாத நேரத்தில் வெட்டுக்குப் போனவர்கள் நெற்றி விளக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு விளக்கின் வெளிச்சம் ஒன்றும் பெரிதில்லை. இருநூறு பேர் வட்டமாக நின்று, எல்லோரும் நடுவிலிருக்கும் ஒரே மரத்தைப் பார்த்தால்? அந்த மரம் மட்டும் பகல்போலத் தெரியும். வழியில் இருக்கும் இடமெல்லாம் மங்கல்தான். காமா நைஃபின் சூத்திரம் இவ்வளவே. ஒவ்வொரு கதிரும் பலவீனம்; எல்லாம் சந்திக்கும் புள்ளியில் மட்டும் பலம்.

பெயரில் நைஃப் என்று இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். கத்தியும் கிடையாது, வெட்டும் கிடையாது, ரத்தமும் கிடையாது. சைபர்நைஃப் என்பதும் அப்படியே. அது ரோபோ கையில் பொருத்திய சிறிய லினாக். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1994ல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். காமா நைஃப் தலைக்கு மட்டும். சைபர்நைஃபைத் தலைக்குக் கீழேயும் திருப்பலாம்.

குறி வைக்க வேண்டுமானால் குறி தெரிய வேண்டும் அல்லவா? ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் செய்த சி.டி. ஸ்கேன் 1971ல் முதல் நோயாளியைப் படமெடுத்த பிறகுதான் டாக்டர்களுக்கு உடம்பின் உள்ளே துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பித்தது. 1990களில் கணினி வேகம் கூடியதும் ஐ.எம்.ஆர்.டி. என்ற முறை வந்தது. லினாக்கின் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் டஜன் கணக்கில் வரிசையாக இருக்கும். இயந்திரம் நோயாளியைச் சுற்றி வரும்போது அந்தத் தகடுகள் தாமாக முன்னும் பின்னும் நகர்ந்து, புற்றின் உருவத்துக்கு ஏற்பக் கதிரை வளைத்துக் கொடுக்கும். ஒரு பக்கம் கூடுதலாக, ஒரு பக்கம் குறைவாக.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு 2011ல் வெளிவந்தது. தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் 94 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறையிலும் மறு பாதிக்கு எச்சில் சுரப்பியைக் காப்பாற்றும் ஐ.எம்.ஆர்.டி. முறையிலும் கதிர் வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பழைய முறையில் 100க்கு 74 பேருக்கு வாய் வறட்சி வாட்டியது. புதிய முறையில் 38 பேருக்கு. வாய் வறண்டவர்களுக்குச் சோறு இறங்காது, பேச்சு ஒட்டிக்கொள்ளும், இருக்கிற பல்லும் சொத்தையாகும். காசு கொடுத்து வாங்க முடியாத லாபம் இது. இதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை, தனியார் ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டியதில்லை. இந்த முறை நம் அரசாங்கக் கதிர் நிலையங்களுக்கும் வந்துவிட்டது.

எல்லாருக்கும் பொருந்துமா?

விளம்பரத்தில் வரும் "ஒன்று முதல் ஐந்து நாளில் முடியும்" வைத்தியம் உண்மையில் இருக்கிறது. தலைக்கு என்றால் ரேடியோ சர்ஜரி, உடம்புக்கு என்றால் எஸ்.பி.ஆர்.டி. என்று பெயர். தினமும் 2 கிரே கொடுப்பதற்குப் பதிலாக ஒரே தடவையில் 10, 15 கிரே என்று பெரிய அடியாக அடிப்பது. அடி பெரிது என்பதால் குறி மில்லிமீட்டர் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். ஆகவே கட்டி சிறியதாக, எல்லை தெளிவாக, எண்ணிக்கையில் ஒன்றிரண்டாக இருந்தால்தான் இது சரிப்படும். மூளையில் பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டி, நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய உடம்பு தாங்காதவர்களுக்கு வந்த ஆரம்ப நுரையீரல் புற்று, கல்லீரலில் சில வகைக் கட்டி, இவையெல்லாம் ஏற்றவை. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றில் ஐந்து தடவை பெரிய கதிரும், 20 அல்லது 39 தடவை வைக்கும் வழக்கமான கதிரும் ஐந்தாண்டு கழித்துச் சமமான பலன் தந்தன என்று 2024ல் ஓர் ஆய்வு வந்தது. அது பரவாத, அதிக வீரியமில்லாத புற்றுக்குச் சொன்னது.

நம் பெண்களுக்கு வரும் கன்னத்துப் புற்றுக்கோ, கழுத்தில் நெறி கட்டிவிட்ட தொண்டைப் புற்றுக்கோ இந்த ஐந்து நாள் முறை முதல் வைத்தியம் ஆகாது. அங்கே கண்ணுக்குத் தெரியும் கட்டியோடு சேர்த்து, விதை சிந்தியிருக்கக்கூடிய பக்கத்து இடங்களையும் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்கு ஆறு வார ஐ.எம்.ஆர்.டி.தான் முறை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து 25 தடவை வைத்துவிட்டு, பிறகு இரிடியம் என்ற கதிர்ப்பொருளைக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்கு அருகிலேயே கொண்டுபோய்ச் சில நிமிடம் வைத்து எடுப்பார்கள். இதைவிடக் கிட்டத்தில் நின்று குறி வைக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. வெட்கப்பட்டுக்கொண்டு இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது. வெளிக்கதிரும் இதுவும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

புரோட்டான் கதிர் பற்றியும் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் 2023 முதல் கொடுக்கிறார்கள். குறித்த ஆழத்தில் நின்றுவிடும் கதிர் அது. குழந்தைகளின் புற்றுக்கும் கண், மூளை அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் மிகவும் உபயோகம். செலவு நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். பெரும்பாலான பெரியவர்களின் புற்றுக்கு அது இல்லையே என்று வருந்தத் தேவையில்லை.

ஆகவே நகையில் கை வைக்கும் முன், சேமநிதியில் கை வைக்கும் முன், அரசாங்க ஆஸ்பத்திரிக் கதிர் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். "டாக்டர், அம்மாவுக்கு இந்தக் கட்டிக்கு அஞ்சு நாள் முறை சரிவருமா? சரிவராதுன்னா ஏன்? இங்க வைக்கப்போறது ஐ.எம்.ஆர்.டி.யா? குணமாக்கறதுக்கு வைக்கிறீங்களா, வலி கொறையவா?" கடைசிக் கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். எலும்புக்குப் பரவி வலியால் துடிப்பவருக்கு வலி குறைய ஒரே தடவை கதிர் வைத்தாலே போதும் என்ற நிலை உண்டு. அதற்குப் போய் விலை உயர்ந்த இயந்திரம் தேடி அலைவது வீண்.

முகமூடியும் மேசையும்

தலை, கழுத்துப் பக்கம் கதிர் வாங்குபவருக்கு முதல் வேலை முகமூடி. வலை போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் போட்டால் இளகும். அதை முகத்தின் மேல் படியவைத்தால் சில நிமிடத்தில் முக அச்சாக இறுகிவிடும். கதகதப்பாக இருக்கும், சுடாது. வலை என்பதால் மூச்சு முட்டாது. பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மூடியை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். தலை அசைந்தால் குறி தப்பும், அவ்வளவுதான் காரணம். பலருக்கு முதல் நாள் பயம் வரும். அறைக்குள் தனியாக இருந்தாலும் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிட்டு வருவார்கள். உள்ளே இருப்பது பத்து, இருபது நிமிடம். வலி என்பதே தெரியாது.

மூடி செய்த அன்றே சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் கூப்பிட மாட்டார்கள். "மறந்துட்டாங்க போல" என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்களில்தான் டாக்டர் படத்தில் புற்றையும் காக்க வேண்டிய இடங்களையும் கோடு போட்டுப் பிரிக்கிறார். பௌதிக நிபுணர் கணக்குப் போட்டு இயந்திரத்தில் சரிபார்க்கிறார்.

கழுத்தில் உலோகம் இருக்கக்கூடாது என்பதால் சங்கிலி, தோடு, மூக்குத்தி, கட்டுப்பல் எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடி விஷயத்தில் நம் பெண்கள் தயங்குவது இயற்கை. முன்கூட்டியே அங்குள்ள ரேடியோகிராபரிடம் சொல்லி, மஞ்சள் கயிறாக மாற்றிக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பேசினால் தீரும் காரியம். இதற்காக வைத்தியமே வேண்டாம் என்று திரும்பிவிட வேண்டாம்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகும், ருசி போகும், கழுத்துத் தோல் கறுக்கும். கதிர் படும் இடத்தில் மட்டும்தான் முடி கொட்டும். வைத்தியம் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இந்தத் தொல்லை ஏறிவிட்டுத்தான் இறங்கும். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். சம்பல், ஊறுகாய், சூடான சாயா எல்லாம் தள்ளி வையுங்கள். கஞ்சி, குழைந்த சோறு, முட்டை, பால், மீன் மசியல் எதுவானாலும் சரி, எடை குறையக்கூடாது. எடை குறைந்தால் முகம் ஒட்டி மூடி தளர்ந்துவிடும். மூடி தளர்ந்தால் குறி நகரும். மறுபடி மூடி, மறுபடி கணக்கு. ஆகவே சாப்பிடுவதும் இந்த வைத்தியத்தில் ஒரு பங்கு. விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பார்கள். அதைக் கடைசிக் காலக் குழாய் என்று நினைத்து அழ வேண்டாம், புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள்.

தோலில் தைலம், மஞ்சள், சந்தனம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம். வெற்றிலை, சிகரெட், சம்சு மூன்றையும் அன்றோடு விட வேண்டும். புகைத்துக்கொண்டே கதிர் வாங்குகிறவருக்குக் கதிரின் பலன் குறைகிறது.

நாள் தவறினால்

இனி மிக முக்கியமான சங்கதி. எவ்வளவு கூரான இயந்திரமானாலும் ஆள் போய்ப் படுத்தால்தானே? தலை, கழுத்துப் புற்றுநோய்களில் வைத்தியம் ஒரு நாள் இழுத்துப்போனால் நோய் அடங்கும் வாய்ப்பு 100க்கு ஒன்று, ஒன்றரை என்று குறைகிறது. ஒரு வாரம் தவறினால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் நாள் தவறுவது சோம்பலால் அல்ல. கதிர் இயந்திரம் இருப்பது பெரிய நகரங்களில். கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜோகூர்பாரு, கெப்பாளா பத்தாஸ், குபாங் கிரியான் என்று விரல் விட்டு எண்ணலாம். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, பத்து நிமிடம் படுத்து, மறுபடி இரண்டு பஸ். கூடப் போகிற மகனுக்கும் வேலை போகும். சம்பளம் பிடிப்பார்களோ என்ற பயம் வேறு.

வேலையில் இருப்பவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்துக்கு மேல் 22 நாள். 33 தடவை கதிருக்கு இது எந்த மூலைக்கு? ஆனால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய்க்கு வருடத்துக்கு 60 நாள் என்று அதே பிரிவில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்த 60 நாள் மேலே சொன்ன நாட்களோடு சேராமல் தனியாகக் கிடைக்கிறது. "நான் வார்டுல படுக்கலையே, தினமும் போயிட்டுத்தானே வரேன்" என்று கேட்பீர்கள். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்து, எந்தக் காரணத்தாலோ அவர் சேராமல் இருந்தாலும், சேர்ந்தவராகவே கருத வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. டாக்டர் நோயாளியின் நிலையைப் பார்த்துத்தான் இதை எழுதுவார். ஆனால் கேட்காவிட்டால் சாதாரண எம்.சி.யோடு போய்விடும். முதல் நாளே கேளுங்கள். நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று எழுதிவிட முடியும். நிர்வாகம் தகராறு செய்தால் உங்கள் கிளைச் செயலாளரிடம் தாளோடு வாருங்கள். வாய்ப்பேச்சாக வர வேண்டாம்.

வேலை செய்ய முடியாத அளவுக்கு உடம்பு போய்விட்டவர், சந்தாத் தகுதி இருந்தால், சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். 2019ல் அரசாங்கம் தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய் வைத்தியத்தை முழுதாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளியும், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் என்று வைத்தார்கள். இன்றைய நிபந்தனைகளை ஆஸ்பத்திரியிலுள்ள மருத்துவச் சமூகநல அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தங்க இடம், பஸ் செலவு, மக்னா போன்ற அமைப்புகளின் உதவி எல்லாவற்றுக்கும் அவர் மேசைதான் வாசல். அந்த மேசை ஒன்று இருப்பதே தெரியாமல் வட்டிக்காரரிடம் போகிறார்கள் நம்மவர்கள்.

பல் விஷயம்

கடைசியாக ஒன்று. இதை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை. வாய், தொண்டைக்குக் கதிர் வைப்பதற்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே பிடுங்கிவிட்டால் கதிர் தொடங்குவதற்குள் புண் ஆறிவிடும். கதிர் வாங்கிய தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோகும். எத்தனை வருடம் கழித்தானாலும் அந்த இடத்தில் சொத்தைப் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகும் ஆபத்து உண்டு. "எனக்கு இந்த வருஷம் இந்தப் பக்கம் கதிர் வச்சிருக்காங்க" என்று எந்தப் பல் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் சொல்லுங்கள். கதிர் வைத்த ஆஸ்பத்திரியின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போவதும் உண்டு. டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளைக் கேட்டு வாங்கி, பற்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக நுழையும் அளவுக்கு வைத்து, தினமும் பலமுறை பயிற்சி செய்ய வேண்டும். இன்றைக்கு எத்தனை குச்சி நுழைந்தது என்று சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் எழுதி வாருங்கள். எண்ணிக்கை குறைகிறது என்றால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்துக்குக் கதிர் வாங்கியவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மெல்ல மெல்ல மந்தமாகலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனையும் உண்டு. அசதி, குளிர் தாங்காமை, உடம்பு ஊதல் இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரை ஒன்றில் சரியாகிவிடும்.